நோவில்லாத கை

அன்று காலை மகளை நான் ஏசினேன். இந்தக் கதையை எங்கே தொடங்கப் பார்த்தாலும் எனக்கு அதிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

செப்டெம்பர் முடிவில் ஒரு சனிக்கிழமை. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. குசினி மேசையில் புட்டும் முட்டைப் பொரியலும். மனைவி அடுப்படியில் நின்றாள். ஆறு வயது மகள் எனக்கு எதிரே இருந்து இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பாண் தொழிற்சாலையில் வேலை. வாரநாட்களில் அவள் எழும்ப முன்னமே போய்விடுவேன். பிள்ளையோடு ஆறுதலாக இருந்து சாப்பிடக் கிடைப்பது சனி, ஞாயிறுகளில்தான். அந்த இரண்டு நாளுக்குள் எல்லாப் பழக்கவழக்கத்தையும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்ற அவதி எனக்கு எப்போதும் உண்டு.

"எந்தக் கையால சாப்பிடுறது?" என்று கேட்டேன். அவள் இடது கையாலேயே அடுத்த வாயை எடுத்தாள். "உனக்குத்தான் சொல்லுறன். வலக்கையால சாப்பிடு."

அவள் இடது கையைச் சட்டையில் துடைத்தாள். அந்தக் கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்து, மடியிலிருந்து தூக்கி, தட்டின் ஓரத்தில் வைத்தாள். கரண்டியை எடுத்து வைப்பது போல வைத்தாள்.

"வருகுதில்லை அப்பா," என்றாள்.

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். மனைவி அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள். "கையைத் தூக்கு பாப்பம், செல்லம்." தோள் கொஞ்சம் மேலே போனது. கை வரவில்லை. விரல்களை ஆட்டச் சொன்னதும் ஆட்டினாள். முழங்கைக்கு மேலேதான் ஒன்றும் நடக்கவில்லை.

அதற்கு முதல் வாரம் அவளுக்குத் தடிமனும் காய்ச்சலும் இருந்தது. நாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு சுகமாகி வியாழனும் வெள்ளியும் போனாள். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே தடிமன். அதை நாங்கள் யாரும் கையோடு சேர்த்து யோசிக்கவில்லை. லோங்கேயில் இருக்கும் என் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். "அது முழங்கை இழுபட்டிருக்கும். என்ரை சின்னவனுக்கும் அப்பிடித்தான். டொக்டர் ஒரு திருப்புத் திருப்பினவர், அடுத்த நிமிசம் சரி," என்றா. எனக்குப் பெரிய நிம்மதி. பள்ளிக்கூட முற்றத்தில் கம்பியில் தொங்கி விளையாடுகிறவள்தானே.

பக்கத்துக் கிளினிக்கில் வரவேற்பு மேசைப் பெண் என்ன பிரச்சினை என்று கேட்டாள். என்னுடைய பிரெஞ்சு தொழிற்சாலைத் தரையில் கற்றது. பாரம் தூக்க, ஓவனைத் திறக்க, முதுகு நோகுது என்று சொல்லி லீவு கேட்கப் போதுமானது. "மால் ஓ பிரா," என்றேன். கையில் நோ. உடம்பில் எங்கே என்ன நடந்தாலும் நான் சொல்லப் பழகியிருந்த வசனம் அது ஒன்றுதான். கை ஏலாது, கை எழும்புதில்லை என்பதற்கு வசனம் தேடியிருக்கலாம். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் கிடைத்திருக்கும். பின்னால் வரிசை நின்றது. அவள் அதைத் தட்டச்சு செய்தாள். நாங்கள் போய் இருந்தோம்.

டொக்டர் நல்ல மனிதர், களைத்துப்போயிருந்தார். விழுந்தாளா என்று கேட்டார். தெரியாது என்றேன். முழங்கையைப் பிடித்துத் திருப்பினார். மகள் அழவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு ஒன்றும் உடையவில்லை. தசைநார் இழுபட்டிருக்கும் என்று சொல்லி, கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டும் துணிக்கட்டைப் போட்டு, நோ மாத்திரை எழுதித் தந்தார். "மூன்று நாள் ஓய்வு."

அந்தத் துணிக்கட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. ஒரு கை செத்துப்போய்க்கொண்டிருக்கிறது, நாங்கள் அதை அழகாகக் கட்டி நெஞ்சோடு சாய்த்து வைத்திருக்கிறோம். நீல நிறம், கரையில் சின்னக் கரடிப் படங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அதோடு படுத்திருந்தாள். கழுத்து நோகுது என்று இரண்டு தரம் சொன்னாள். கட்டின் பாரம் என்று நினைத்து முடிச்சை இளக்கிவிட்டேன். நோ மாத்திரை கொடுத்தேன்.

திங்கள் காலை மனைவி அவளைக் குளிக்க வார்க்கக் கட்டைக் கழற்றினாள். நான் அன்று லீவு எடுத்திருந்தேன். குளியலறைக்குள்ளிருந்து, "இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ," என்றாள். குரல் சரியில்லை. போனேன். அவள் மகளின் வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தாள். "பாருங்கோ," என்று சொல்லிவிட்டு விட்டாள். கை தொடையில் அடித்து விழுந்தது. ஈரத் துவாய் கொடியிலிருந்து நழுவின மாதிரி. மகள் தன் கையைத் தானே குனிந்து பார்த்தாள்.

"நோகுதோ?"

"இல்லை."

"கொஞ்சமும் நோகேல்லையோ?"

"நோகேல்லை அம்மா. அது நித்திரை."

திரும்பக் கிளினிக். வேறு டொக்டர், இளம் ஆள். திரையில் சனிக்கிழமைக் குறிப்பை வாசித்தார். "இப்போதும் வலிக்கிறதா?" என்று மகளிடம் கேட்டார். அவள் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் இல்லை என்றாள். "நல்லது, அப்படியானால் குணமாகி வருகிறது," என்றார். நான் எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் பொறுக்கி, அசையவில்லை, அசையவில்லை என்று சொன்னேன். அவர் விரல்களை ஆட்டச் சொன்னார். ஆட்டினாள். "பாருங்கள், அசைகிறது." பிள்ளைகள் நொந்த கையைப் பயத்தில் பாவிக்காமல் விடுவார்கள், அதுதான் என்றார். பிறகு கதிரையை எங்கள் பக்கம் திருப்பி, பள்ளிக்கூடத்தில் ஏதும் பிரச்சினையா, வீட்டில் சண்டையா, கவனத்தை இழுக்கப் பார்க்கிறாளா என்று மெதுவாகக் கேட்டார்.

நான் சத்தம் போட்டேன். தமிழில்தான் போட்டேன் என்று மனைவி பிறகு சொன்னாள். ஒரு தாதி கதவைத் திறந்து, "முசியே, அமைதியாக இருங்கள்," என்றாள். ஒரு கிழமையில் குறையாவிட்டால் வரச் சொன்னார்கள்.

காருக்குள் ஏறியும் நான் நிற்பாட்டவில்லை. இந்த நாட்டை ஏசினேன், டொக்டர்மாரை ஏசினேன், அக்காவை ஏசினேன். பின்னால் மகள் அழத் தொடங்கினாள். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாயை மூடிக்கொண்டு பிள்ளையள் ஆஸ்பத்திரிக்குக் காரை விடுங்கோ. அங்கை நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறன்," என்றாள்.

"உமக்கு பிரெஞ்சு எங்கை தெரியும்?"

"தெரியாதுதான். அதுதான் நல்லது."

அவசரப் பிரிவில் முதலில் பார்த்துத் தரம் பிரிக்கும் தாதி, ஐம்பது வயது இருக்கும், என்ன பிரச்சினை என்று கேட்டா. மனைவி "போன்ஜூர்" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. மகளின் இடது கையைத் தூக்கி விட்டாள். அது தூக்கிய இடத்திலேயே நின்றது. வலது கையைத் தூக்கி விட்டாள். விழுந்தது. தாதி பேனாவை வைத்துவிட்டு எழும்பி வந்து தானும் ஒருதரம் தூக்கி விட்டுப் பார்த்தா. பிறகு மகளிடம் நாக்கை நீட்டச் சொன்னா, சிரிக்கச் சொன்னா, நடக்கச் சொன்னா, தண்ணீர் விழுங்கச் சொன்னா. கணினியில் ஒரு சொல்லை எழுதினா. எட்டிப் பார்த்தேன். "பலவீனம்" என்பதற்கான பிரெஞ்சுச் சொல். அந்தச் சொல் எனக்குத் தெரியும்! மாக் குழைக்கும் மெசினின் பெல்ட் தளர்ந்தால் நாங்கள் அதைத்தான் சொல்லுவோம்.

பத்து நிமிடத்துக்குள் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். மண்டபம் நிறையச் சனம் காத்திருந்தது. அந்த விரைவைப் பார்க்கத்தான் இது சின்ன விசயமில்லை என்று எனக்கு விளங்கியது.

பயிற்சியில் இருக்கும் ஒரு பெண் டொக்டர், மாணவி போலவே இருந்தாள், சட்டைப் பையிலிருந்து சின்ன றப்பர்ச் சுத்தியல் ஒன்றை எடுத்தாள். இடது முழங்கையின் மடிப்பில் தட்டினாள்; கை துள்ளியது. முழங்கால்களில் தட்டினாள், இரண்டும் துள்ளின. வலது முழங்கையில் தட்டினாள். ஒன்றுமில்லை. இடத்தை மாற்றித் தட்டினாள். மகளைப் பல்லைக் கடிக்கச் சொல்லிவிட்டுத் தட்டினாள். ஒன்றுமேயில்லை. "போன வாரங்களில் தடிமன், காய்ச்சல் ஏதும் இருந்ததா?" என்று கேட்டாள்.

மூன்று நாளில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. ஒருவரும் தட்டிப் பார்க்கவில்லை. ஒரு நிமிட வேலை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

பின்னேரம் நரம்பு டொக்டர் வந்தார். நரைத்த தலை, தாழ்ந்த குரல். எங்களுக்கு விளங்கவேண்டும் என்று ரெலிபோனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்துத் தந்தார்கள். அந்தப் பெண் சென்னைப் பக்கத்தவர். "குழந்தைக்கு மூச்சு விட கஷ்டமா இருக்குங்களா?" என்று கேட்டார். "ஓம், இல்லை," என்று மனைவி சொல்ல, "ஆமாவா, இல்லையாங்க?" என்று திரும்பக் கேட்டார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே வெட்கமாகவும் இருந்தது.

டொக்டர் கட்டிலின் ஓரத்தில் இருந்து ஒரு தாளில் படம் கீறினார். பிள்ளை திடீரென்று ஒரு கையையோ காலையோ அசைக்காமல் விட்டால் முதலில் பார்க்கவேண்டியது, நோவால் அசைக்கவில்லையா, அசைக்கவே ஏலாமல் இருக்கிறதா என்பது. ஏலாமல் இருந்தால், பழுது எங்கே? மூளையில் என்றால் முகம் கோணலாம், பேச்சுக் குழறலாம், உடம்பின் ஒரு பக்கம் முழுதும் பாதிக்கலாம். இரண்டு காலிலும் தொடங்கி மேலே ஏறினால் நரம்புகளைச் சந்தேகிப்பார்கள். இவளுக்கு ஒரு கைதான், அதுவும் துவண்டுபோய், தட்டினால் துள்ளாமல். கழுத்தும் நொந்திருக்கிறது. முள்ளந்தண்டுக்குள் போகும் நரம்புத் தண்டில், கழுத்தடியில், ஏதோ நடந்திருக்கிறது. அவர் தாளில் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார். மேலே பரவினால் மூச்சைப் பிடிக்கும், அதனால் இடைக்கிடை மூச்சைப் பார்க்கவேண்டும் என்றார்.

பார்ப்பது எப்படியென்றால், ஒரே மூச்சில் எத்தனை வரைக்கும் எண்ணுகிறாள் என்று கேட்பது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் தாதி வருவா. மகள் பிரெஞ்சில் எண்ணுவாள். இருபத்திரண்டு. இருபத்தொன்று. இருபத்திரண்டு. பத்தொன்பது என்று வந்த தடவை மனைவி என் கையை நகம் பதியப் பிடித்தாள். "அம்மா, எனக்கு அலுப்பாக் கிடக்கு," என்றாள் மகள். அடுத்த தடவை இருபத்துமூன்று எண்ணினாள்.

அதற்குப் பிறகு பரிசோதனைகள். மயக்கம் கொடுத்து ஸ்கான். முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். மூக்கிலும் தொண்டையிலும் துடைத்தார்கள். மலம் இரண்டு நாள் எடுக்கவேண்டும் என்றார்கள். அதோடு சேர்ந்து கேள்விகளும் வந்தன. இலங்கைக்குப் போனீர்களா? யாராவது அங்கிருந்து வந்தார்களா? போலியோத் தடுப்பூசி போட்டதா? ஒருவர் கேட்டுப் போக இன்னொருவர் வந்து கேட்டார். இவள் இங்கே பிறந்தவள், ஒரு ஊசியும் தவறவில்லை, மொன்றியலுக்கு வெளியே போன மிகத் தூரமான இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புரோசார்ட் என்று எத்தனை தரம் சொல்வது? நான்காவது ஆள் கேட்டபோது, "என்ரை நிறத்தைப் பார்த்தா கேக்கிறியள்?" என்று நேரே கேட்டுவிட்டேன். கேட்டவளின் முகம் சிவந்துபோனது.

நரம்பு டொக்டர் அதைக் கேள்விப்பட்டு வந்தார். "இந்த வருத்தம் பார்வைக்குப் போலியோ மாதிரியே இருக்கும். எந்தப் பிள்ளைக்கு வந்தாலும் போலியோ இல்லை என்று நிரூபித்தே ஆகவேண்டும். பிரெஞ்சுப் பிள்ளை என்றாலும் இதே கேள்விகள்தான். ஆனால் நாலு பேர் நாலு தரம் கேட்டது எங்கள் பிழை," என்றார். அத்தனை நாளில் எங்கள் பிழை என்று ஒரு வாய் சொல்லிக் கேட்டது அப்போதுதான். அதைக் கேட்டும் எனக்குக் கோபம் தணியவில்லை. யாரில் கோபப்படுவது என்பதுதான் குழம்பிப்போனது.

ஸ்கானில் அவர் வட்டம் போட்ட அதே இடத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. வருத்தத்துக்கு ஒரு நீளமான பெயர் சொன்னார்கள். எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். சாதாரணத் தடிமன் கிருமி ஒன்று, ஆயிரம் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகவைத்துவிட்டுப் போகும் கிருமி, எப்போதோ ஒரு பிள்ளையில் நரம்புத் தண்டுக்குள் இறங்கி, தசைகளை அசைக்கும் நரம்பணுக்களைத் தின்றுவிடுகிறது. ஏன் இந்தப் பிள்ளை என்று கேட்டேன். தெரியாது. என்ன கிருமி? துடைத்தெடுத்ததில் ஒன்றும் வரவில்லை. முதல் நாட்களில் எடுத்திருந்தால் அகப்பட்டிருக்கலாம், இப்போது போயிருக்கும். மருந்து? இரத்தக் குழாய் வழியாக ஒன்று ஏற்றினார்கள், அது உதவுமா என்பதும் உறுதியில்லை.

"சனிக்கிழமையே கண்டுபிடித்திருந்தால் கை தப்பியிருக்குமா?"

நரம்பு டொக்டர் ஸ்கான் படத்தைக் கீழே வைத்தார். "அநேகமாக இல்லை. ஆனால் இல்லவே இல்லை என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு ஏலாது."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் என்ன செய்வது? ஓம் என்றிருந்தால் அந்தக் கிளினிக்கின் வாசலில் போய் நின்றிருப்பேன். இல்லை என்றிருந்தால் படுத்து நித்திரை கொண்டிருப்பேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு விட்டார்கள். மூச்சுக்கோ கால்களுக்கோ ஒன்றும் வரவில்லை. உடற்பயிற்சி வைத்தியம் தொடங்கியது. மாரி முழுக்க வாரத்தில் மூன்று நாள், மனைவி அவளை மெட்ரோவில் கூட்டிக்கொண்டு போனாள். கிறிஸ்மஸ் முடிய முழங்கை மடங்கத் தொடங்கியது. முன்கை பலப்பட்டது. தோள் மட்டும் அசையவில்லை; பார்க்கப் பார்க்க மெலிந்து, எலும்பின் முனை தோலுக்குள்ளால் தெரிந்தது.

அந்த மாரியில்தான் கிளினிக்குக்கு முறைப்பாடு எழுதினேன். வேலை முடிந்து வந்து ஒவ்வொரு பின்னேரமும் எழுதினேன், வெட்டினேன், திரும்ப எழுதினேன். தொழிற்சாலையில் நல்ல பிரெஞ்சு தெரிந்த ஒருவர் திருத்தித் தந்தார். ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. மரியாதையான கடிதம். பிள்ளைக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறோம். பிள்ளை கைநோ என்ற முறைப்பாட்டோடு தகப்பனால் கொண்டுவரப்பட்டார். கைநோவுக்குச் செய்யவேண்டிய பரிசோதனைகள் செய்யப்பட்டன.

நான் அதை மனைவியிடம் காட்டவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டாமல் விட்டேன். இரண்டு நாள் அவளோடு சரியாகக் கதைக்கவும் ஏலவில்லை. அவளாகவே தேடி எடுத்து, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகளைக் கொண்டு எழுத்துக்கூட்டி வாசிப்பித்திருக்கிறாள். நான் வேலையால் வர, கடிதம் குசினி மேசையில் இருந்தது.

"நான்தான் பிழையாச் சொன்னனான்," என்றேன்.

"ஓம், பிழையாத்தான் சொன்னியள்," என்றாள். "அதுக்காக? நீங்கள் பாண் போடுற ஆள். அவங்கள் டொக்டர்மார். பிள்ளை கண்ணுக்கு முன்னால இருந்தவள்தானே. நோ எண்டு சொன்னாலும் பிள்ளை அழேல்லை எண்டது அவங்களுக்குத் தெரியேல்லையோ? எங்கை நோகுது எண்டு தொட்டுக் கேட்டவங்களோ?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. இரண்டாவது தரம் ஒரு கடிதம் எழுதினேன், அழாத பிள்ளையைப் பற்றி. இன்றுவரை அதற்குப் பதில் இல்லை.

அடுத்த ஆனி மாதம் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். நன்றாக வேலை செய்யும் ஒரு நரம்பின் கிளையைப் பிரித்து, தோளுக்குப் போகும் செத்த நரம்போடு பொருத்துவது. வருத்தம் வந்து ஒரு வருடத்துக்குள் செய்தால்தான் பலன், பிந்தினால் தசை காய்ந்துவிடும் என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். செய்த பிறகும் மாதக்கணக்காக ஒன்றும் இல்லை. நான் வேலையால் வந்ததும் வராததுமாக, "கையைத் தூக்கு பாப்பம்," என்பேன். அவள் தூக்கப் பார்ப்பாள். நான் பெருமூச்சு விடுவேன். ஒருநாள் அவள் அழுதுகொண்டு, "நீங்கள் வீட்டை வராதையுங்கோ," என்றாள். அதற்குப் பிறகு கேட்பதை விட்டேன். கேட்காமல் இருந்து பார்ப்பதும் கேட்பது போலத்தான் என்று மனைவி சொன்னாள்.

இப்போது அவளுக்கு எட்டு வயது. கை நெஞ்சு வரைக்கும் எழும்புகிறது. தலைக்கு மேலே போகாது. போகும் என்று யாரும் சொல்லவும் இல்லை. எழுதுவது இடது கையால். வலது கை கொப்பியைப் பிடிக்கிறது. நீந்தப் பழகுகிறாள், ஒரு பக்கமாகச் சரிந்து போவாள், அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. வகுப்பில் யாரும் கேட்டால் தடிமன் பிடித்த கை என்று சொல்கிறாளாம்.

கோபம் எனக்குப் போகவில்லை. அதைக் கொண்டுபோய் இறக்கிவைக்க இடமும் இல்லை. போன செவ்வாய் டொக்டரிடம் போகவென்று லீவு எடுத்து வீட்டில் நின்றேன். வெளியே மைனஸ் பதினெட்டு. பள்ளிக்கூட பஸ் வந்து நின்றுவிட்டது. மகள் வாசலில் நின்று குளிர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் வலது கையை ஜக்கெற்றின் கைக்குள் நுழைக்கவேண்டும், பிறகு உடம்பைச் சுழற்றி மற்றக் கையைப் பிடிக்கவேண்டும், பிறகு முன்பக்கத்துச் சிப்பை வயிற்றோடு வைத்து அமத்தி இழுக்கவேண்டும். சிப் கொளுவவில்லை. ஒருதரம், இரண்டுதரம், மூன்றாம்தரம். பஸ் ஹோன் அடித்தது. நான் குனிந்து கையை நீட்டினேன்.

"விடுங்கோ அப்பா!"

"பஸ் போகப்போகுது பிள்ளை, ஒரு செக்கன்..."

"விடுங்கோ எண்டு சொன்னனான்."

ஜக்கெற் திறந்தபடி படியிறங்கி ஓடினாள். மேலே நின்று சிப்பைப் போடு, சிப்பைப் போடு என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஏறியதும் பஸ் கதவு மூடியது.